பட்டமும் வாய்க்காலும்
(கோவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலிங்கராயன் என்பது இயற்பெயரல்ல. அரசர் அளித்த பட்டம். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரனும் அதைத் தாங்கினான். பாண்டியர் காலத்தில் அதைப் பெற்ற கொங்குத் தலைவன் ஒருவன், பவானியாற்றில் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் வரை 56 மைல் வாய்க்கால் வெட்டுவித்தான். வேலை 1283-ல் முடிந்ததென்பது மரபு.

சுயநலப் பழி வராதிருக்க, தன் வம்சத்தார் இந்நீரைத் தொடக் கூடாதென்று சபதம் செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்பது கொங்கு மக்கள் சொல்லும் கதை. நீர் ஊருக்குப் போயிற்று. பட்டமோ வம்சத்தில் தங்கிற்று. ஊத்துக்குளி ஜமீன்தார்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சூடினர்.

1948-ம் வருடத்துச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியது. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு இத்தகைய பட்டம் வழங்குவதையே தடுத்தது. அதிகாரம் போயிற்று, பெயர் மிஞ்சிற்று.

வாய்க்கால் மட்டும் இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளைகின்றன. வெட்டுவித்தவனை நாம் மதிக்கிறோம். மண் சுமந்த ஆயிரமாயிரம் கைகளுக்கு எவர் பட்டம் சூட்டினார்?

அந்த வாய்க்காலில் சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்ததைக் கண்டோம். தோழர்களே, பட்டத்துக்கு வாரிசு ஒரு குடும்பம். தண்ணீருக்கு வாரிசு நாம் அனைவரும். அதைக் காப்போம்!