தாகத்தை அடக்காதீர்கள், தாய்மார்களே!

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூடிய மாதர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

“பெண்களின் உடல்நலமும் தண்ணீரும்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் நல்லது என்று சொல்வதற்கு ஒரு கூட்டமா என உங்களில் சிலர் எண்ணலாம். நியாயந்தான். அது தெரியாத பெண் நம் பங்கில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் குடிப்பதில்லையே, அது ஏன்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் தூத்துக்குடி உப்பளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து அளத்துக்குப் போகும் பெண்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். பாத்தியில் வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அம்பாரத்தில் கொட்டுகிறீர்கள். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு அந்த வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வை போகும். வெயிலில் உழைப்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நம் சகோதரிகளில் பலரோ கொண்டுபோன பாட்டிலில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கேட்டால், “குடிச்சா ஒதுங்க இடம் வேணுமே அக்கா” என்பார்கள். அளம் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. ஆண்களுக்குத் திரும்பி நின்றால் போதும். பெண்கள் தாகத்தை அடக்க வேண்டியிருக்கிறது.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்களின் கதையும் இதுதான். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தாலும், கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால், அந்தப் பெண் எப்படித் தண்ணீர் குடிப்பாள்? பள்ளிக்கூடம் போகும் உங்கள் மகளின் பாட்டிலை இன்று மாலை தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அவளைத் திட்டாதீர்கள்; பள்ளியில் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இதனால் வரும் கேடு என்ன? ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். மலக்குடலில் வாழும் கிருமிகள் அந்தக் குறுகிய வழியில் எளிதில் ஏறிவிடும். அவற்றைக் கழுவி வெளியே தள்ளுவது சிறுநீரே. குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் கழுவ ஆளில்லை. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, இவை முதலில் வரும். கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகம் வரை ஏறி, குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வரும். கர்ப்பிணிகளுக்கோ இது மிகவும் ஆபத்து. மாதம் நிறையுமுன்னே பிரசவம் ஆகிவிடக்கூடும். பிரசவ வார்டில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கண்டிருக்கிறேன்.

தண்ணீருக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று கேட்பீர்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பல்கேரியா நாட்டில், குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி நீர்க்கடுப்பால் அவதிப்பட்ட 140 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டு முடிவில் பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரி 3.2 தடவை நோய் வந்திருந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். ஆனால் நோய் வந்துவிட்ட பிறகு தண்ணீரை மட்டும் நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. சிறுநீரைப் பரிசோதித்து மருந்து சாப்பிட வேண்டும்.

இனி மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை, கோபிக்கக்கூடாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அது எங்கிருந்து வரும்? அந்தத் தாயின் உடம்பிலிருந்துதானே! பாலூட்டும் தாய்க்கு மற்றவர்களைவிடத் தினமும் முக்கால் லிட்டர் அளவு கூடுதலாகத் தேவை. வெந்நீர்தான் கொடுப்பேன் என்றால் வெந்நீரே கொடுங்கள், ஆனால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

எவ்வளவு குடிப்பது? எட்டு டம்ளர் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஐரோப்பிய நிபுணர்கள் 2010-இல் பெண்களுக்கு உணவிலுள்ள நீரையும் சேர்த்து 2 லிட்டர் என்றார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. நம் வெயிலுக்கு இன்னும் வேண்டும். மோர், கஞ்சி, ரசம் எல்லாம் கணக்கில் சேரும். காப்பியும்கூடச் சேரும், ஆனால் அதையே குடித்துக்கொண்டிருக்காதீர்கள்! வியர்த்து உழைப்பவர்களுக்கு உப்புப் போட்ட நீராகாரத்தைப் போல நல்லது வேறில்லை. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் போதவில்லை. (சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

வயதான தாய்மார்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. இருமினால் சிறுநீர் கசிகிறதே என்று வெட்கப்பட்டுத் தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. குறைத்தால் சிறுநீர் கடுமையாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். கசிவுக்கு எளிய பயிற்சிகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பொன்விழா நினைவாகக் கட்டப்போகும் மன்றத்தின் வரைபடத்தை வாசலில் வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, அதில் தண்ணீர்க் குழாய் உண்டா என்று பார்த்துவிட்டுப் போங்கள். திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். குடித்த பெண்கள் எங்கே போவார்கள் என்பதையும் பங்குப் பேரவை யோசிக்கட்டும். பக்கத்து மேசையில் ஒரு மனு இருக்கிறது. ஒவ்வோர் அளத்திலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும், நிழலில் குடிநீரும் வேண்டும் என்று உரிமையாளர்களைக் கேட்கும் மனு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.