கடன் தீர்ந்தால்தான் சேமிப்பு!
(பொதுக்கூட்ட உரையிலிருந்து)



2022-ல் வெளிநாட்டில் உழைக்கும் நம் மக்கள் இந்தியாவுக்கு அனுப்பிய பணம், முதன்முறையாக 10,000 கோடி டாலரைத் தாண்டியது. உலகிலேயே முதலிடம்! பெருமைதான். ஆனா ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அந்தப் பணம் வந்து சேரும் வீட்டுல சேமிப்பு எவ்வளவு இருக்கு?

ஒரு கணக்கு போடுவோம். வளைகுடா போக ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம். வாங்கினது மூணு வட்டிக்கு. மாச வட்டி மட்டும் 4,500 ரூபா. தம்பி அங்கே வெயில்ல நின்னு மாசம் 15,000 அனுப்புறான். வட்டி போக, அசல்ல 2,000 கழிச்சா, மிச்சம் 8,500. அதுலதான் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடக் கட்டணம், அம்மாவுக்கு மாத்திரை எல்லாம். ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியும்போதும் பாதிக்கு மேல கடன் நிக்குது! ஊரு என்ன சொல்லுது? "அவங்களுக்கென்ன, துபாய் காசு!"

அந்த வீட்டம்மாவுக்குச் சேமிக்கத் தெரியலைன்னு யாரும் சொல்லாதீங்க. குண்டுமணித் தங்கம் சேர்த்தாலும் அதையும் அடகுக்கடைக்கு அனுப்புறது இந்தக் கடன்தான்.

சட்டம் என்ன சொல்லுது? பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமா வாங்கலாம்னு இருக்கிறது 30,000 ரூபாயும் அதுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும்தான். மொத்தம் 35,400. அதுக்கு மேல வாங்குற ஒவ்வொரு ரூபாயும் ஒரு குடும்பத்தோட நாளைய சேமிப்பு.

நாம் கேட்பது மூன்று. இந்த உச்சவரம்பு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். வெளிநாடு போகிறவருக்குக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிராமம் வரை வர வேண்டும்.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க தெருவுல யாராவது பாஸ்போர்ட்டோட கிளம்பினா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இ-மைக்ரேட் தளத்துல முகவரோட பதிவு எண்ணைப் பார்த்துக் கொடுங்க. ரசீது வாங்கச் சொல்லுங்க.

கடனோட விமானம் ஏறுறவன் வட்டிக்காரனுக்குத்தான் உழைக்கிறான். கடனில்லாம ஏறட்டும்; அவன் வியர்வை அவன் வீட்டுக்கு வரட்டும்!