பார்லிக் கணக்கிலிருந்து பள்ளிக்கூடம் வரை: சுமேரியரை வகுப்பறைக்கு அழைத்து வருதல்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டைய நாகரிகங்கள் பாடத்தில் சுமேரியருக்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. ‘கியூனிபார்ம் எழுத்தை உருவாக்கியவர்கள் யார்?’ என்பது ஒரு மதிப்பெண் வினா. மாணவர்கள் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால், ‘அவர்களுக்கு எழுத்து ஏன் தேவைப்பட்டது? முதன்முதலில் என்ன எழுதினார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘கதை எழுதினார்கள்’, ‘கடவுளைப் பற்றி எழுதினார்கள்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அவர்கள் முதலில் எழுதியது கணக்கு. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், பொருளாதாரம், மொழி, பண்பாடு என்று பாடநூலில் தனித்தனித் தலைப்புகளாக இருப்பவை ஒரே கதையாகிவிடும். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதி, அதாவது இன்றைய தெற்கு இராக், சுமேரியரின் நாடு. அங்கே மழை மிகக் குறைவு. கல் இல்லை, உலோகம் இல்லை, வீடு கட்ட நல்ல மரமும் இல்லை. இருந்தவை வண்டல் மண், நாணல், ஆற்று நீர். ஆற்றிலும் ஒரு சிக்கல். நைல் நதியின் வெள்ளம் விதைப்புக்கு முன் வந்து வடிந்துவிடும். இந்த ஆறுகளிலோ பயிர் முற்றி நிற்கும் வசந்த காலத்தில் வெள்ளம் வரும். எனவே கரை கட்டி, கால்வாய் வெட்டி, ஆண்டுதோறும் தூர்வார வேண்டியிருந்தது. இது தனி ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை அன்று. பலரைத் திரட்ட வேண்டும், அவர்களுக்கு உணவளிக்க வேண்டும்.

அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்தது. பார்லி விளைந்தது, ஆட்டுமந்தைகள் பெருகின, கம்பளித் துணி உற்பத்தியானது. உருக், ஊர், லகாஷ், நிப்பூர் போன்ற நகரங்கள் எழுந்தன. கோயிலும் அரண்மனையும் பெரிய களஞ்சியங்களை வைத்திருந்தன. களஞ்சியம் பெரிதானதும் எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, மீதி எவ்வளவு என்ற கேள்விகள் எழுந்தன. நம் பள்ளியின் அரிசி இருப்புப் பதிவேட்டிலும் இதே மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன.

தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வடிவில் சிறு களிமண் வில்லைகளைச் செய்து எண்ணிக்கை வைத்தார்கள். பிறகு அவற்றைக் களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, மேலே முத்திரை பதித்தார்கள். அதன்பின் களிமண் பலகையிலேயே குறிகளை இட்டார்கள். வட்டத்துக்குள் சிலுவைக் குறி போட்டால் ஆடு. தலையும் உணவுக் கிண்ணமும் சேர்ந்தால் ‘உண்’. உருக் நகரில் சுமார் கி.மு. 3300க்குப் பிந்தைய இத்தகைய பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் கணக்குகள். மற்றவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். கதையோ பாடலோ அவற்றில் இல்லை. இலக்கியம் எழுத்தில் வருவதற்கு மேலும் சுமார் 600 ஆண்டுகள் ஆயின.

கணக்கில் என்ன இருந்தது என்று பார்த்தால் அந்தச் சமூகமே தெரியும். கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரின் மூன்றாம் அரசமரபுக் காலத்தில், ஆண் தொழிலாளிக்கு மாதம் சுமார் 60 லிட்டர் பார்லி என்பது வழக்கமான அளவு. பெண்ணுக்கு அதில் பாதி, சுமார் 30 லிட்டர். கம்பளித் துணி நெய்யும் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களின் குழந்தைகளுக்கான சிறு பங்கும் பட்டியலில் இருக்கிறது. பாடநூலில் நாம் படிக்கும் சிகுராட் கோபுரத்தின் நிழலில் இந்தப் பெண்களும் இருந்தார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளியை நிறுத்து விலை பேசினார்கள். ஒரு ஷெகல் என்பது சுமார் 8 கிராம் வெள்ளி. கடன் கொடுத்தால் வெள்ளிக்கு வட்டி ஐந்தில் ஒரு பங்கு, பார்லிக்கு மூன்றில் ஒரு பங்கு. அதாவது, மூன்று மூட்டை வாங்கியவர் அறுவடையில் நான்கு மூட்டை தர வேண்டும். விளைச்சல் பொய்த்தால் மனைவி மக்களை அடகு வைக்கும் நிலை வந்தது. சுமார் கி.மு. 2350இல் லகாஷை ஆண்ட உருககினா, கடனால் சிறைப்பட்டவர்களை விடுவித்ததாகவும், வலியவர் கையில் விதவையும் அநாதையும் சிக்காமல் காப்பதாகவும் எழுதிவைத்தார். இந்த விடுதலையைக் குறிக்கும் சுமேரியச் சொல் ‘அமர்கி’. அதன் நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. கடனுக்காகப் போன பிள்ளை வீடு திரும்புவதுதான் அவர்களுக்கு விடுதலை. இந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

இனி மொழிக்கு வருவோம். படத்தால் ஆட்டை எழுதலாம், உயிரை எப்படி எழுதுவது? சுமேரிய மொழியில் ‘தி’ என்றால் அம்பு. ‘உயிர்’ என்பதற்கான சொல்லும் அதே ஒலியுடையது. எனவே அம்புக் குறியையே உயிருக்கும் எழுதினார்கள். நம் மொழியில் விளக்குவது எளிது. ‘ஆறு’ என்ற எண்ணைக் குறிக்க ஓடும் ஆற்றை வரைவதுபோல. படம் பொருளைக் காட்டுவதிலிருந்து ஒலியைக் காட்டுவதற்கு மாறிய இந்த இடத்தில்தான் கணக்குக் குறி முழு எழுத்தாயிற்று. பிறகு எந்தச் சொல்லையும் எழுதலாம், ஊர்ப் பெயரை, ஆள் பெயரை, பாட்டைக்கூட எழுதலாம்.

சுமேரிய மொழி ஒட்டுநிலை மொழி. ‘லூ’ மனிதர், ‘கல்’ பெரிய. இரண்டும் சேர்ந்து ‘லுகல்’, அரசர். ‘லுகல்-எனே’ என்றால் அரசர்கள். ‘லுகல்-எனே-ரா’ என்றால் அரசர்களுக்கு. நம் ‘அரசர்-கள்-உக்கு’ போலவே ஒட்டுகள் வரிசையாக வருகின்றன. மேலும், அந்த ‘எனே’ மனிதரையும் தெய்வங்களையும் குறிக்கும் சொற்களோடு மட்டுமே வரும். உயர்திணை, அஃறிணை போன்ற பாகுபாடு அங்கும் உண்டு.

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாம் கவனமாக இருக்க வேண்டும். இதைச் சொன்னவுடன், ‘அப்படியானால் சுமேரியம் தமிழ்தானே சார்?’ என்று மாணவர் கேட்பார். கேட்பது நல்லது. ஆனால் துருக்கியம், ஃபின்னியம், ஜப்பானியம் ஆகியவையும் ஒட்டுநிலை மொழிகளே. அமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. வேறுபாடுகளையும் காட்டுங்கள். நாம் ‘பெரிய வீடு’ என்கிறோம், அவர்கள் ‘வீடு பெரிய’ என்ற வரிசையில் ‘எ-கல்’ என்றார்கள். அரண்மனைக்கு அதுதான் பெயர். அவர்களின் வினைச்சொல்லுக்கு முன்னாலும் ஒட்டுகள் தொடராக வரும், தமிழில் அப்படி இல்லை. இதுவரை எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதே மொழியியலாளரின் முடிவு. தமிழின் பெருமைக்கு உறுதியான சான்றுகள் போதிய அளவு இருக்கின்றன. உறுதியில்லாததைச் சேர்த்தால் உறுதியானதன் மீதும் ஐயம் வரும்.

உண்மையான தொடர்பு ஒன்றைச் சொல்லலாம். அது வணிகத் தொடர்பு. ஊர் நகரின் அரச கல்லறைகளில் லியோனார்டு வூலி கண்டெடுத்தவற்றில் சிந்துவெளிப் பாணிச் சூதுபவள மணிகளும் உண்டு. களிமண் ஆவணங்கள் கூறும் ‘மெலுகா’ நாடு சிந்துவெளிப் பகுதியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஷு-இலிஷு என்பவரின் உருளை முத்திரை இருக்கிறது. அதில் அவருடைய தொழில் ‘மெலுகா மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதியிருக்கிறது. சிந்துவெளி மொழியை நாம் இன்னும் வாசிக்க முடியவில்லை. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அதைப் பேசத் தெரிந்த ஒருவரின் பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

இறுதியாக, நம் தொழிலுக்கு வருகிறேன். கணக்கு எழுத ஆள் வேண்டும், ஆளை உருவாக்கப் பள்ளி வேண்டும். சுமேரியத்தில் பள்ளிக்கு ‘எ-துப்-பா’ என்று பெயர், ‘பலகை வீடு’ என்பார்கள். நிப்பூரில் 1951-52இல் தோண்டப்பட்ட ஒரு சிறிய வீட்டில் சுமார் 1,400 பலகைத் துண்டுகள் கிடைத்தன. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அது ஒரு பள்ளி. முதலில் ஆப்புக் கோடுகள், பிறகு எழுத்துகள், பெயர்ப் பட்டியல்கள், வாய்பாடு, பழமொழிகள் என்று படிப்படியாகக் கற்பித்தார்கள். அக்காலப் பயிற்சிப் பலகைகளில் ஒரு வகை, கைக்கு அடங்கும் வட்ட வடிவம். அதில் ஆசிரியர் அழகாக ஓரிரு வரி எழுதியிருப்பார். கீழேயோ பின்புறமோ அதே வரி மாணவர் கையால் கோணல்மாணலாக இருக்கும். நம் இரட்டைக்கோடு ஏடுதான் அது.

பள்ளி நாள் ஒன்றைப் பற்றிய சுமேரியப் படைப்பும் உண்டு. அதில் வரும் மாணவன் நேரம் கழித்து வந்ததற்கு அடி வாங்குகிறான், பேசியதற்கு அடி, கையெழுத்து சரியில்லை என்று அடி, சுமேரியத்தில் பேசவில்லை என்றும் அடி. பின்னர் தந்தை ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்தும் புத்தாடையும் மோதிரமும் தர, ஆசிரியர் மாணவனை வாயாரப் புகழ்கிறார். நாம் சிரிக்கலாம், கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். அப்போது வீட்டில் பேசிய மொழி அக்காடியம். சுமேரியம் பேச்சிலிருந்து மறைந்துகொண்டிருந்தது, அல்லது மறைந்தே விட்டிருந்தது. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என்ற நிலையில் குழந்தை படும் பாட்டை நாம் அறிவோம். அதே சமயம், அந்த மொழியை மேலும் சுமார் 1,800 ஆண்டுகள் காப்பாற்றியவர்கள் பாடம் எழுதிக்கொடுத்த ஆசிரியர்களும், அதைப் பார்த்து எழுதிய மாணவர்களும்தான்.

வகுப்பில் செய்ய ஒரு செயல்பாடு. குளத்துக் களிமண்ணைத் தட்டிச் சிறு பலகைகள் ஆக்குங்கள். முனை சீவிய குச்சியால், எழுத்தே பயன்படுத்தாமல், ஒரு நாள் சத்துணவுக் கணக்கைத் தாங்களே உருவாக்கிய குறிகளில் ஒவ்வொரு குழுவும் பதியட்டும். மறுநாள் வேறொரு குழு அதை வாசிக்கட்டும். எண் மட்டும் போதாது, எந்தப் பொருள், யாருக்கு, எந்த நாள், பொறுப்பாளர் யார் என்பதும் வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். முத்திரை எதற்கு என்பதும் புரியும். பிறகு 60 முட்டைகளை 2, 3, 4, 5, 6 பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். 60ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை பங்கிடுவதற்கு எவ்வளவு வசதி என்பதும், நம் கடிகாரத்தில் 60 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒன்றாகத் தெரியவரும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சுமேரியத்தில் எழுதியவர்கள் சிலர். அவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கால்வாய் வெட்டியவர், நெசவுக்கூடத்துப் பெண், அவர் குழந்தை ஆகியோர் அந்தப் பலகைகளில் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். தமக்கு எத்தனை லிட்டர் எழுதப்பட்டது என்று வாசித்துப் பார்க்க அவர்களால் முடியாது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்கள் அத்தகைய உழைப்பாளிகளின் பிள்ளைகள். அவர்கள் கையில் இன்று பேனா இருக்கிறது. தம் பெற்றோரின் கூலிச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் அவர்களால் வாசிக்க முடியும், தவறிருந்தால் கேட்க முடியும். எழுத்து எதற்காகப் பிறந்தது என்று தெரிந்த மாணவர், அதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வார். அந்த ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாடத்துக்கு இன்னும் ஒரு பாடவேளை கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.