வடம் பிடிக்கக் கட்டணம் உண்டோ?

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற தொண்டூழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வட்டாரக் குடியிருப்புகளுக்குப் புத்துயிர் ஊட்டும் நோக்கில், அண்டை அமைப்புகளுடன் இணைந்து அடுத்த ஆண்டு இரண்டு நாள் மாநாடு நடத்த நம் ஆலயம் முன்வந்திருப்பது பெருமகிழ்ச்சிக்குரியது. அதன் கட்டணம் இன்னும் முடிவாகவில்லை. அது குறித்தே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மாநாடு ஒன்றிற்கு என் இலாகா என்னை அனுப்பியது. கட்டணம், தங்கும் அறை, பயணம் யாவும் இலாகாவின் செலவு. மலிவு விலை அடுக்குமாடி மக்களின் இன்னல்களை அங்கே பலர் படங்களுடன் விளக்கினர். ஆனால், அம்மக்களுள் ஒருவரையேனும் நான் காணவில்லை. ஊர் திரும்பியபின், தம் அடுக்குமாடியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் அம்மையார் ஒருவர், "தம்பி, எங்கள் மின்தூக்கியைப் பற்றி யாராவது பேசினார்களா?" என்று வினவினார். விடை கூற எனக்கு நா எழவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று வந்த நானே, அவருக்கு அங்கே ஓர் இருக்கை இல்லையே என்று எண்ணாமல் அமர்ந்திருந்தேன்.

நுழைவுக் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதுமா? 2018 பிப்ரவரியில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஒன்பதாவது உலக நகர்ப்புற மன்றம் கோலாலம்பூரில் கூடியது. அதில் பங்கேற்கக் கட்டணம் இல்லை. பாராட்டத்தக்க முன்மாதிரி அது. ஆயினும், கட்டணமில்லா மண்டபத்தை அடையவும் பேருந்துக் கட்டணம் வேண்டும். வேலை நாளாயின் கூலியும் போகும். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 வேலை நாள்களால் வகுத்தால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி வரும். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர் 130 வெள்ளி இழக்கின்றார். அது ஒரு குடும்பத்தின் மளிகைப் பணம்.

ஆகவே, நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, மாநாட்டை வார இறுதியில், தங்கும் விடுதியில் அல்லாமல் இம்மண்டபத்திலேயே நடத்துவோம். இரண்டாவது, இலாகாக்களும் நிறுவனங்களும் அனுப்பும் பேராளர்கள் முழுக் கட்டணம் செலுத்தட்டும். தொண்டூழியர்கள் தம்மால் இயன்றதை உண்டியலில் இடட்டும். மூன்றாவது, பயணச் செலவை முதல் நாள் காலையிலேயே கையில் கொடுப்போம். பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க எல்லாராலும் இயலாது. நான்காவது, எவரிடமும் வறுமைக்குச் சான்று கேட்க வேண்டாம். அன்னதான வரிசையில் நாம் யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

பணத்திற்கு எங்கே போவது என்பீர்கள். திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஓர் உபயக்காரர் ஏற்றுக்கொள்கின்றார் அல்லவா? அவ்வாறே ஒரு தொண்டூழியரின் இரண்டு நாள் செலவை ஒரு வணிகரோ ஒரு குடும்பமோ உபயமாக ஏற்கலாம்.

எளியவர்களால் எதுவும் தர இயலாது என்றும் எண்ண வேண்டாம். 1960-ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. தொகை சிறிதாயிருந்ததால் அவர்களும் பங்குதாரர்களாயினர்.

தேர் நிலையை விட்டுப் புறப்படும்போது, வடம் பிடிப்பவரிடம் நாம் கட்டணம் கேட்பதில்லை. அவர் கை பட்டால்தான் தேர் நகரும். நம் குடியிருப்பும் அத்தகையதே. அடுத்த ஆண்டு மாநாட்டின் முதல் வரிசையில் அந்த அம்மையார் அமர வேண்டும். தம் மின்தூக்கியைப் பற்றி அவரே பேச வேண்டும். அதற்கு வழி செய்யுமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவன்புடன் வேண்டுகின்றேன்.