உதவுவோர் சபையிற் பெற்றோருக்கும் ஆசனம்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இறைவன் கருணைக்கு உவமை தேடிய மாணிக்கவாசக சுவாமிகள் தாயையே கண்டார். பிள்ளையின் பசிவேளையை அறிந்தவள் அவளன்றோ? தாய் மத்திய கிழக்கிற்கு உழைக்கப் போன வீடுகளிலே அதனை அம்மம்மா அறிவாள். ஆயினும், குடும்பங்களுக்கான உதவித் திட்டங்கள் வகுக்கப்படும் சபைகளில் இவர்களைக் காண்பது அரிது. எல்லாம் முடிவான பின்னரே வரிசையில் நிற்க அழைக்கப்படுகின்றனர்.

இதனால் விளைவது யாது? நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படும் சத்துமா அது. மிக நல்ல பணி. ஆனால் ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த மா, வறிய வீட்டு அடுப்படிக்கு வந்ததும் மூன்று பிள்ளைகளுக்கு உருண்டையாகிவிடுகின்றது. பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? நிறை ஏறவில்லையென்று அவளைக் கடிவதிற் பயனில்லை. வீட்டில் எத்தனை வாய் என்பதை அவளிடமே முதலிற் கேட்கவேண்டும்.

இவ்வழியை வேறு நாட்டார் கைக்கொண்டுள்ளனர். அமெரிக்காவில் வறிய வீட்டுச் சிறுவருக்காக 1965ஆம் ஆண்டு ‘ஹெட் ஸ்டார்ட்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அதன் கொள்கைச் சபைகளில் அப்பிள்ளைகளின் பெற்றோரே பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டும் என்பது விதி. வரவு செலவுத் திட்டமும் ஊழியர் நியமனமும் அச்சபையின் ஒப்புதலுக்கு வருகின்றன. அங்கே பெற்றோர் யோசனை சொல்வதோடு நில்லாது, வாக்கும் அளிக்கின்றனர்.

படிப்பில்லாதவர்களுக்கு என்ன தெரியும் என்று சிலர் வினவலாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றானே தெரியும்? மருந்து கொடுக்கப் படித்த வைத்தியர் வேண்டும்; எங்கே நோகின்றது என்று சொல்ல நோயாளிதான் வேண்டும்.

ஆதலால், மாலை வகுப்போ கொப்பி உதவியோ, நம் சங்கம் எதனைத் தொடங்கினாலும் அதன் குழுவிற் சரிபாதி ஆசனங்களைப் பெற்றோருக்கும், பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வாக்குரிமையுடன் அளிக்கவேண்டுமென வேண்டுகின்றேன். கூலிவேலைக்குப் போவோர் வரத்தக்க நேரத்திற் கூட்டம் வைப்போம். முதலில் அவர்கள் பேசட்டும். பின்னர் நாம் பேசுவோம். பெரியோர்கள் இதனை ஏற்றால், நாற்சார் வீடும் ஓலைக்குடிசையும் ஏறியிறங்கி அவர்களை அழைத்துவரும் வேலையை இளைஞராகிய நாம் மகிழ்ச்சியோடு ஏற்போம்.