சோகைக்கெல்லாம் இரும்பா?



நான் வைத்தியனல்ல. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவன். ஆனாலும் என் தமக்கையார் ஒரு வருஷ காலம் இரும்பு மாத்திரை விழுங்கியும் வெளுத்த முகம் வெளுத்தபடியே இருப்பானேன் என்று விசாரிக்கப் போய்ச் சில சங்கதிகள் தெரிந்து கொண்டேன். அவைகளைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

சோகை என்றாலே இரும்புச் சத்துப் போதவில்லை என்று நாமாக முடிவு கட்டி விடுகிறோம். அநேகருக்கு அது உண்மையுங்கூட. ஆனால், சரீரத்தில் இரும்பு இருந்தும் உபயோகத்துக்கு வராத சோகை ஒன்றுண்டு. க்ஷயம், முடக்கு வாதம், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் போன்ற நாட்பட்ட வியாதிகள் உள்ளே இருக்கும்போது, கல்லீரலில் ஹெப்சிடின் என்கிற வஸ்து அதிகமாகி விடுகிறது. அதற்கு அப்பெயர் இட்டதே 2001-ல்தான். குடலிலிருந்து இரும்பு இரத்தத்தில் ஏறும் வழியையும், சேமிப்பிலுள்ள இரும்பு வெளிவரும் வழியையும் அது அடைத்து விடுகிறது. கிருமிகளுக்கும் பிழைக்க இரும்பு வேண்டுமாதலால், அவைகளைப் பட்டினி போடச் சரீரம் செய்யும் தந்திரம் இது என்கிறார்கள். திருடனுக்குப் பயந்து நெற்களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை ஒளித்தவன் வீட்டில் பிள்ளைகளும் பட்டினி கிடப்பது போலத்தான்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தில் ஓடும் இரும்பை மட்டும் அளந்தாலும் ஏமாந்து போவோம். ஏனெனில் இரண்டு விதச் சோகையிலும் அது குறைந்தே இருக்கும். வைத்திய மாணாக்கர்கள் பரீட்சையில் இடறி விழுவதும் இந்த இடத்தில்தான். பெரிட்டின் என்னும் கையிருப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் களஞ்சியம் காலி; இரும்பு கொடுக்க வேண்டியதே. நாட்பட்ட வியாதியுள்ளவருக்கு அது 100-க்கு மேலிருந்தால், பெரும்பாலும் இரும்பு உள்ளே பூட்டிக் கிடக்கிறதென்று பொருள். இடையிலிருந்தால் இரண்டும் கலந்திருக்கலாம். (சிறுநீரகக்காரர்களுக்குக் கணக்கு வேறு.) இரத்தம் இரும்பைச் சுமக்கும் சக்தியையும் அளப்பார்கள், இரும்புப் பஞ்சத்தில் அது உயரும், இதில் உயராது, தாழ்வதுமுண்டு.

என் தமக்கையாருக்குக் காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரம் மடக்க முடியாதிருக்கும். அதை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்பிள்ளை வெளுத்திருந்தால் இரும்பு எழுதிக் கொடுப்பது ஒரு சடங்காகி விட்டது போலும்! கடைசியில் ஒருவர் பெரிட்டின் பார்த்தார், 240. இரும்பை நிறுத்தி, மூட்டு வியாதிக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களில் 9-ல் நின்ற ஹீமோகுளோபின் 11-க்கு ஏறிற்று. ஆனால் விரல்கள் அதற்குள் கோணி விட்டன. அவை இனி நிமிரா என்று வைத்தியர் சொல்லி விட்டார்.