நெல் அறையிற் பூஞ்சணம்



கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கங்களிற் பெரும்போக நெல்லை வீட்டறையில் அடுக்குவோர் பலர். கடற்கரை மணல் கலந்து பூசிய சுவரில் உப்பு உண்டு. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். வாடைமழைக் காலத்திற் சுவரிற் கரும்புள்ளிகள் படர்வதற்கு இதுவுமொரு காரணமாகும். வெள்ளையடித்தாற் புள்ளி மறையும்; ஈரம் மறையாது. சுவரைத் தொட்டிருக்கும் சாக்கும் அவ்வீரத்தை ஏற்க, நெல்லிற் பூஞ்சணம் பற்றும்.

ஆகவே, நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறும், விதைநெல்லாயின் 13 பங்குக்கு மேற்படாதவாறும் உலர்த்துக. பலகைத் தட்டின்மேல், சுவரைவிட்டு ஒன்றரை அடி விலக்கி அடுக்குக. வெயில் எறிக்கும்போது சன்னலைத் திறந்து, மழையின்போது மூடுக.

பூஞ்சணம் பிடித்த நெல்லைக் கோழிக்கு இடுவோர் உளர், அதுவும் தகாது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பூஞ்சண நஞ்சேறிய கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அந்நஞ்சு அவித்தாலும் முற்றாக அழிவதில்லை.